நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்

ஆற்றுத் தெரு, கான்டர்ஸ் லேண்டிங், இந்தியானா
ஜனவரி 9, 1967

அன்புத் தம்பி வென்டலுக்கு அக்கா தெல்மா எழுதுவது.

இங்கே நான், உன் எர்ல் அத்தான், பேத்தி நோரா மூவரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு வந்த இடத்தில் அத்தனை கனமான கலர் டிவியைத் தூக்கிப் பலகைமேல் வைத்தவனுக்கு வலிக்காமல் இருக்காது. மேபல் ஒத்தடம் கொடுக்கிறாளா?

போனில் பேசலாம்தான். ஆனால் இந்தத் தெருவில் எட்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. நான் பேசுவதை அடுத்த வீட்டு பெர்னிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் வரும் குதிரைக்காரர் தொடருக்குத் தெருவே நம் கூடத்தில்தான். பெர்னிஸ் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி தெல்மா, உன் வீட்டு டிவி வெளிச்சத்துல எங்க சேவல் விடிஞ்சிடுச்சுன்னு கூவுதுடி!" நான் விடுவேனா? "உன் டிவியில ஆளுங்க மூஞ்சி பச்சையா இருக்கே, எல்லாரும் சீக்காளியா?" என்றேன். ஒரே சிரிப்பு.

ஊருக்குக் கிளம்பும்போது பின்பலகையைக் கழற்றி உள்ளே எதையோ திருகிவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகுதான் இந்தப் பளபளப்பு. வெயில் அடிக்கும் கூடத்தில் நடுப்பகலில்கூடப் படம் கண்ணைப் பறிக்கிறது. இந்த ஆற்றங்கரையில் இப்படி ஒன்று வேறு யார் வீட்டிலும் கிடையாது.

நோராவுக்கும் கொண்டாட்டம்தான். வெள்ளம் வந்தால் நனையக்கூடாது என்று நெஞ்சு உயரத்தில் பலகை அடித்தோம் அல்லவா, அதன் அடியில் அவள் வீடு பிடித்துவிட்டாள். பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். "பாட்டி, கதவத் தட்டிட்டு வா" என்கிறாள். நாலு வயதுக்கு வாயைப் பார். அவள் அம்மா எலைன் வேலை பார்க்கும் எவன்ஸ்வில்லிலிருந்து ஞாயிறுதான் வருகிறாள். மற்ற நாளெல்லாம் பிள்ளைக்கு அந்த மூலைதான் உலகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா தெல்மா


டேட்டன், ஒஹாயோ
பிப்ரவரி 4, 1967

என் பிரியமான அக்காவுக்கு,

இங்கே மேபலும் நானும் சௌக்கியம். இடுப்பு தேவலை. அங்கே அத்தானுக்கு மூட்டு எப்படி?

பெர்னிஸ் சொன்னதைப் படித்து மேபல் விழுந்து விழுந்து சிரித்தாள். பச்சை மூஞ்சி என்றதும் எனக்குப் பழைய ஞாபகம். ஐம்பத்து நாலில் எங்கள் டிவி கடை ஜன்னலில் முதல் கலர் டிவியை வைத்தபோது அதன் விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம். திரையோ சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. எதிரே ஒரு ஆள் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வான். நான் பின்னால் உட்கார்ந்து, கண்ணாடியில் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு திருகாகத் திருகுவேன். அப்படியும் குதிரை ஊதாவாக வரும். ஒரு அம்மாள் ஜன்னலைத் தட்டிக் கேட்டாள்: "தம்பி, பூசணிக்கா நிறத்துல நிக்கறாரே, இவரு செனட்டரா, இல்ல சர்க்கஸ்காரரா?" "ரெண்டும்தாம்மா" என்றேன். அந்தக் காலத்தில் கலர் டிவி வாங்கியவன் படம் பார்த்ததைவிட என் முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

இப்போது எவ்வளவோ தேறிவிட்டது. இருந்தாலும் கம்பெனிக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள். வோல்டேஜை இந்த அளவுக்கு மேல் ஏற்றாதே என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். என் முதலாளியும் அதையே பாடுவார். வாடிக்கையாளர்களுக்குப் புத்தகத்தில் போட்டபடி வைப்பேன். நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். மேபலின் தங்கை வீடு, எங்கள் பாதிரியார் வீடு, என்னோடு பள்ளியில் படித்தவன் வீடு, என் வீடு, இப்போது உன் வீடு. அந்தத் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், படத்துக்கு உயிர் வந்துவிடும். பெர்னிஸிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவள் டிவிக்கும் திருகச் சொல்லி நிற்பாள்.

நோராவின் வீட்டுக் கதவை நான் தட்டியதாகச் சொல்.

தம்பி வென்டல்


கான்டர்ஸ் லேண்டிங்
மார்ச் 20, 1967

அன்பு வென்டலுக்கு,

நாங்கள் கரையேறிவிட்டோம். நீங்கள் இருவரும் நலமா? மேபலுக்கு வந்த சளி விட்டதா?

போன வாரம் ஆறு ஏறி வந்தது. முற்றத்து வேலி வரை தண்ணீர். தெருவில் எல்லோரும் சாமான்களைத் தூக்கி மேலே வைத்தார்கள். பெர்னிஸின் சோபா நனைந்தது. நம் டிவிக்கு ஒன்றும் இல்லை, உயரத்தில் ராணி மாதிரி இருந்தது. கரண்ட் வந்ததும் முதலில் அதைத்தான் போட்டேன்.

ரிப்பேர்க்காரர் ஓட்டிஸ் பக்கத்து வீட்டுக்கு வந்தவர் இங்கேயும் எட்டிப் பார்த்தார். "தெல்மாம்மா, படம் ரொம்பப் பளிச்சுனு இருக்கே. கொஞ்சம் எறக்கி விடட்டுமா?" என்றார். பொறாமையைப் பார். "எறக்கற வேலைய உங்க வீட்டுல வச்சுக்குங்க. இது என் தம்பி கைபட்ட டிவி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நோராவுக்கு ஒரு வாரம் காய்ச்சல். அடுப்புக்குப் பக்கத்து மூலை என்பதால் அவள் வீட்டில் கதகதப்பு அதிகம். அங்கேயே மெத்தை போட்டுவிட்டேன். இப்போது ராத்திரியும் அங்கேதான் தூக்கம். டிவி ஓடுகிற சத்தம் மேலே கேட்டால்தான் கண் மூடுகிறாள்.

சோள ரொட்டி சுடும்போதெல்லாம் உன் நினைவு.

அக்கா


டேட்டன்
மே 29, 1967

அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

ஒரு சின்ன விஷயம். டிவியைப் பலகையிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிடு. இறக்க ஆள் கிடைக்கும் வரை போடாதே. ரொம்ப நேரம் ஓடினால் சூட்டில் பலகை கருகும் என்கிறார்கள். நோரா இன்னும் அடியில்தான் படுக்கிறாளா? தலை எந்தப் பக்கம் வைத்துப் படுப்பாள்? அவளை வேறு அறையில் படுக்க வை.

காற்றோட்டத்துக்காகப் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொன்னேனே, அத்தான் எவ்வளவு விட்டார்?

உடனே எழுது.

வென்டல்


கான்டர்ஸ் லேண்டிங்
ஜூன் 6, 1967

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்று தோன்றுகிறது. ஒரு சிரிப்பு இல்லாமல் நீ எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை.

பலகையைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. ஆற்றங்கரையில் இவ்வளவு நல்ல பொருளைத் தரையில் வைத்தால் ஊர் சிரிக்கும். அதோடு வருகிற ஞாயிறு தொடரில் கல்யாணம். பெர்னிஸ் பீச் பழப் பை சுட்டுக்கொண்டு வருகிறாள். போடாதே என்றால் என்ன காரணம் சொல்வேன்? தம்பி பயப்படுகிறான் என்றா?

அத்தான் விட்ட இடைவெளி நாலு விரல் நுழையும். எதற்குக் கேட்டாய்?

நோரா தலையைச் சுவர்ப் பக்கம் வைத்து, டிவிக்கு நேர் கீழேதான் படுக்கிறாள். அந்த இடைவெளி வழியே மேலே வெளிச்சம் தெரிகிறதாம். "நட்சத்திரம் பாட்டி" என்கிறாள். வெயிலுக்குச் சாப்பாடுதான் இறங்க மாட்டேன் என்கிறது. காலில் எங்கேயோ இடித்துக்கொண்டு நீலம் நீலமாக வைத்திருக்கிறாள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான்.

மேபலிடம் சொல்லி நல்ல டாக்டரைப் பார்.

அக்கா தெல்மா


டேட்டன்
ஜூன் 12, 1967

அக்காவுக்கு,

நேற்று போனில் கத்தியதற்கு மன்னித்துவிடு. "பிளக்கப் புடுங்கு, பிளக்கப் புடுங்கு" என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. நடுவில் பெர்னிஸ் புகுந்து, "வென்டல், குடிச்சிருக்கியா?" என்று கேட்டாளே, அதன்பின் எதைச் சொல்வது? வைத்துவிட்டேன்.

அதனால் இங்கே எழுதுகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

சில கலர் டிவிகளிலிருந்து எக்ஸ்ரே கசிகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கும் அதே கதிர்தான். கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வாசனை இல்லை. உள்ளே இருக்கும் ஒரு குழாயிலிருந்து நேராகக் கீழே பாய்கிறது. முன்னால் உட்காருகிறவர்களுக்கு அவ்வளவு பயமில்லை. தரையில் நிற்கும் டிவி என்றால் மண்ணுக்குள் போய்விடும். எங்கள் கடைக்கும் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். கதிரை அளக்கும், முள் வைத்த சின்னப் பெட்டியை ஒவ்வொரு டிவிக்கும் அடியில் வைத்துப் பார்த்தார்கள்.

எல்லா டிவியிலும் இல்லை. உன் டிவியில் இல்லாமலும் போகலாம்.

நோராவை டாக்டரிடம் கூட்டிப் போ. காலில் நீலமாக இருப்பதைக் காட்டு. மூக்கில் ரத்தம் வந்ததா? பல் ஈறில்? ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல். டிவியைப் பற்றியும் சொல்.

நானே கிளம்பி வர நினைத்தேன். கடையில் விட மாட்டேன் என்கிறார்கள்.

வென்டல்


டேட்டன்
ஜூலை 1, 1967

அக்கா,

நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பதில் இல்லை. போன் செய்தால் பெர்னிஸ்தான் எடுக்கிறாள். "தெல்மா இப்ப யாரோடயும் பேசறதில்ல" என்கிறாள். நோராவைப் பற்றிக் கேட்டால், "நீயே வந்து பாரேன்" என்று வைத்துவிடுகிறாள்.

ஒரு வரி போதும். குழந்தை சாப்பிடுகிறாளா என்று மட்டும் எழுது.

வென்டல்


கான்டர்ஸ் லேண்டிங்
ஜூலை 10, 1967

வென்டலுக்கு,

ஜூனில் உன் கடிதம் வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. நோரா திரைச்சீலைக்குப் பின்னால் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பாதி படித்ததும் அவள் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். "பாட்டி, நீ கதவத் தட்டல" என்று அழுதாள். அதன்பின் மீதியைப் படித்தேன்.

மாவட்டச் சுகாதார ஆபீஸிலிருந்து ஓர் இளைஞரைக் கூட்டிக்கொண்டு ஓட்டிஸ் வந்தார். எங்களை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு டிவியைப் போட்டார்கள். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். அந்த ஆபீஸ் பிள்ளை நீ சொன்ன சின்னப் பெட்டியை நோராவின் வீட்டுக்குள், தலையணைமேல் வைத்தது. முள் ஒரே தாவாகத் தாவி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டிப் பார்த்தது, பெட்டி கெட்டுவிட்டதோ என்று. மறுபடி வைத்தது. மறுபடி அதே ஓரம். டிவியை அணைத்துவிட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றியது. "இந்தத் தலகாணி யாரோடதும்மா?" என்று கேட்டது.

நோராவே சொன்னாள், "என்னோடது" என்று.

ஓட்டிஸ் பின்பலகையைக் கழற்றினார். ரொம்ப நேரம் உள்ளேயே பார்த்தார். "தெல்மாம்மா, இத யாரோ நல்லா ஏத்தி வச்சிருக்காங்க. கம்பெனியிலேருந்து இப்படி அனுப்ப மாட்டாங்க. ஏத்துனா கதிரும் ஏறும். யாரு வச்சது?" என்றார்.

"கடையிலேருந்து வந்தப்பவே இப்படித்தான் இருந்துது" என்றேன்.

உன் அத்தான் பக்கத்தில்தான் நின்றார். கொல்லைக்குப் போய் விறகு பிளந்தார். ஜூலை மாத வெயிலில் யாருக்கு விறகு? இருட்டும் வரை பிளந்தார்.

எலைனிடம் சொன்னோம். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றோரமாக நடந்து போனாள். திரும்பி வந்ததும், "யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேணாம்" என்றாள்.

டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார். சின்சினாட்டிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டுமாம். பதில் வர நாளாகும்.

உன்னை யாராவது கேட்டால் நான் ஓட்டிஸிடம் சொன்னதையே சொல்.

தெல்மா


டேட்டன்
ஜூலை 19, 1967

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தரம் ஆரம்பித்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மேபலின் தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள். சும்மா ஒரு சர்வீஸ் என்று சொல்லிப் பின்பலகையைக் கழற்றித் திருகை இறக்கினேன். பிறகு பாதிரியார் வீடு. "என்னப்பா வென்டல், படம் மங்கிப்போச்சே?" என்றார். "கண்ணுக்கு நல்லதுங்கய்யா" என்றேன். பிறகு என்னோடு பள்ளியில் படித்தவன் வீடு. அவன் மனைவி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "நீங்க இருக்கறதால எங்களுக்கு டிவி கவலையே இல்லண்ணா" என்றாள். குடிக்க முடியவில்லை. கடைசியில் என் வீடு.

எங்கள் கடைக்கு ஒரு வாடிக்கையாளன் வருவான். வாயைத் திறந்தால் வசவுதான். அவன் டிவியைப் புத்தகத்தில் போட்டபடி வைத்தேன், ஒரு முடி அகலம் கூடவில்லை. அரசாங்க ஆட்கள் அவன் வீட்டில் சோதித்தபோது முள் அசையவே இல்லையாம். கடைக்கு வந்து என் கையைக் குலுக்கினான். "நீ வச்ச டிவி தங்கம்டா" என்றான்.

எனக்குப் பிடிக்காதவர்கள் வீடு ஒன்றில்கூட முள் அசையவில்லை அக்கா.

மேபல் ராத்திரி எழுந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நோரா பிறந்த அன்று நான் சந்தோஷத்தில் கடையில் எல்லோருக்கும் சுருட்டு வாங்கிக் கொடுத்தது உனக்குத் தெரியுமோ என்னவோ.

ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது? எதுவாக இருந்தாலும் எழுது. நல்லதாக இருந்தால் மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொள்ளாதே. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது நான் ஒவ்வொரு நாளும் ஏதேதோ நினைத்துக்கொள்கிறேன்.

வென்டல்


கான்டர்ஸ் லேண்டிங்
ஆகஸ்ட் 14, 1967

தம்பி வென்டலுக்கு,

பதில் வந்துவிட்டது. ரத்தம் இப்போதைக்குச் சரியாக இருக்கிறதாம். காலில் இருந்தது படியில் இடித்துக்கொண்டதுதான்.

"அப்ப பயமில்லையா டாக்டர்?" என்றேன். "இப்போதைக்கு" என்றார். "பின்னாடி?" என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது புதுசும்மா. இவ்வளவு நாள் இதுக்கு அடியில படுத்த குழந்தைய நான் பார்த்ததில்ல. யாருமே பார்த்ததில்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ரத்தம் பார்ப்போம். வளரட்டும்" என்றார். எது வரை என்று கேட்டேன். பெரியவளாகி, கல்யாணமாகி, அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையும் நன்றாக இருந்தால் அப்புறம் விட்டுவிடலாம் என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நாளை நான் பார்க்க மாட்டேன். நீ பார்க்கலாம்.

ஓட்டிஸ் மார்ச்சில், இறக்கி விடட்டுமா என்று ஒரு கேள்வி கேட்டார். நான் என்ன பதில் சொல்லி அனுப்பினேன் என்பது உன்னிடம் இருக்கிற கடிதத்தில் இருக்கிறது. அதனால் நான் உன்னை எதுவும் கேட்கப் போவதில்லை. நீயும் அதைப் பற்றி எழுதாதே.

ஆனால் ஒன்று. ஊசியைக் கண்டால் நோரா துள்ளுகிறாள். மடியில் உட்கார வைத்துக் கையை அசையாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். போன தடவை உன் அத்தான் பிடித்தார். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். எலைனால் முடியாது. என்னாலும் முடியவில்லை. நர்ஸ்தான் அமுக்கிப் பிடித்தாள். பிள்ளை பயந்துவிட்டாள்.

இனி நீ வா. பிப்ரவரியில் வா. அதற்கடுத்து ஆகஸ்டிலும் வா. கடையில் விடவில்லை என்று எழுதாதே. அவளை மடியில் வைத்து நீதான் பிடிக்க வேண்டும்.

ஊசி போடும்போது அவள் ஊசியைப் பார்ப்பதில்லை. பிடித்திருப்பவர் முகத்தைத்தான் பார்க்கிறாள். "எதுக்கு?" என்று கேட்கிறாள். என்னிடம் கேட்டாள். "வென்டல் தாத்தா வந்து சொல்வார்" என்று சொல்லிவிட்டேன்.

மேபலை விசாரித்ததாகச் சொல். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா தெல்மா